டிடி அளவு ரயில்: சேர்ப்பதிலிருந்து கட்டுவது வரை முழு வழிகாட்டி

சென்னையில் ஒரு கிரவுண்டு மனை என்றால் 2,400 சதுர அடி. 40-க்கு 60 என்று வைத்துக்கொண்டால், மாதிரி ரயில்களின் டிடி அளவில் அந்த மனை 4 அங்குலத்துக்கு 6 அங்குலம். ஸ்டுடியோவில் போட்டுத் தரும் ஃபோட்டோ பிரிண்ட் அளவுதான். பத்து அடி ஓர் அங்குலம், ஓர் அடி அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. 1:120 என்ற இந்த விகிதம் பிறந்ததே அப்படித்தான். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹால் ஜாய்ஸ் என்பவர் 1940-களின் நடுவில் தன் எச்பி ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தின் மூலம் இதைக் கொண்டுவந்தார். டிடி என்றால் டேபிள் டாப். தூர்தர்ஷனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரயில் மாதிரிகள் என்றதும் கடையிலும் இணையத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் 1:87 எச்ஓ, அதற்கடுத்து 1:160 என். டிடி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எச்ஓவில் ஓர் அமைப்புக்கு ஆகும் இடத்தில் ஏறக்குறைய பாதி போதும். என் அளவைப் போல் பூதக்கண்ணாடி தேடவும் வேண்டாம். நாற்பதைத் தாண்டிய கண்களோடு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கும் எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவந்தது.

ஆனால் எச்ஓவில் எதைக் கேட்டாலும் யாரோ செய்து வைத்திருப்பார்கள். டிடியில் அப்படி இல்லை. மனதில் ஒரு ரயிலை நினைத்துக்கொண்டு அதைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சந்தையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்து, அதில் மனம் ஒட்டும் ஒரு சின்னத் துண்டைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. கீழே சொல்வதெல்லாம் அந்த வரிசையில்தான் போகிறது.

சந்தை ஏன் இப்படி இருக்கிறது

இந்த வரலாறு தெரியாமல் வாங்கப் போனால் பணம் வீணாகும். மேற்கு ஜெர்மனியின் லோபெரிஷ் ஊரில் குழாய்ச் சாமான் செய்துவந்த ரோக்கால் நிறுவனம், போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே 12 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ரயில் விட்டது. 1960-களில் என் அளவு வந்ததும் மேற்கில் டிடி ஒடுங்கியது. கிழக்கு ஜெர்மனியில் கதை வேறு. கிழக்கு பெர்லினில் ட்சொய்கெ & வெக்வெர்த் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் டிடி செய்யத் தொடங்கியது. அங்கிருந்த சிறிய அடுக்குமாடி வீடுகளுக்கு அந்த அளவு பொருந்தியது. 1972-இல் நிறுவனம் அரசுடைமையாகி, பெர்லினர் டிடி பானன் என்று பெயர் மாறியது. பழைய பெட்டிகளில் பிடிடிபி என்று போட்டிருப்பது அதுதான். சுவர் விழுந்த பிறகு 1990-களின் தொடக்கத்தில் அந்தத் தொழிலை டில்லிக் நிறுவனம் எடுத்துக்கொண்டது. டில்லிக் இருப்பது செக் எல்லையை ஒட்டிய ஸெப்னிட்ஸில். துணியில் செயற்கைப் பூ செய்வதற்குப் பேர்போன ஊர்.

இதன் பலன் இன்றும் தெரிகிறது. டிடி உயிரோடு இருப்பது ஜெர்மனியின் கிழக்குப் பகுதி, செக், போலந்து, ஹங்கேரி, ரஷ்யா பக்கம். கிடைக்கும் வண்டிகளும் பெரும்பாலும் அந்த ஊர்களுடையவையே. டில்லிக் தவிர பீக்கோ, ரோக்கோ, குயென், ஆர்னால்ட் ஆகிய பெயர்களிலும் டிடி வண்டிகள் வருகின்றன. கட்டடங்களுக்கு ஆவுஹாகன்.

பிரிட்டனில் ஒரு பொறி இருக்கிறது. 1957-இல் ட்ரை-ஆங் நிறுவனம் அங்கே கொண்டுவந்ததும் டிடி என்ற பெயரில்தான். ஆனால் அதன் விகிதம் 1:101.6, அதாவது ஓர் அடிக்கு 3 மி.மீ. தண்டவாளம் மட்டும் அதே 12 மி.மீ. அதன் பெட்டியை ஜெர்மன் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 2022-இல் ஹார்ன்பியும் பீக்கோ என்றே நம் நாவில் விழும் பிரிட்டன் தண்டவாள நிறுவனமும் 1:120-இல் இறங்கின. (ஜெர்மனியின் பீக்கோ வேறு, பிரிட்டனின் பீக்கோ வேறு. முன்னது வண்டிக்குப் பேர்போனது, பின்னது தண்டவாளத்துக்கு.) பிரிட்டன் விற்பனையாளரிடம் பழைய சரக்கு வாங்கினால் 1:120-ஆ, 3 மி.மீ.-ஆ என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அதேபோல் 12 மி.மீ. தண்டவாளம் என்று தேடினால் எச்ஓஎம் என்ற பெயரிலும் சரக்கு வரும். அது 1:87-இல் மீட்டர்கேஜ் ரயிலுக்கானது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

படி 1: ஓர் ஊர், ஒரு காலம்

ஐரோப்பிய மாதிரி ரயில்காரர்கள் காலத்தை எபோக் என்று ரோமன் எண்களில் பிரிப்பார்கள். மூன்றாவது எபோக் போருக்குப் பிந்தைய நீராவி, டீசல் கலந்த காலம். நான்காவது ஏறத்தாழ 1970 முதல் 1990 வரை. வண்டி வரும் அட்டைப்பெட்டியின் மேல் இந்த எண் அச்சிட்டிருக்கும். எஞ்சினின் எண்ணைப் பார்த்தும் காலம் சொல்லலாம். கிழக்கு ஜெர்மன் ரயில்வே 1970-இல் கணினி எண்களுக்கு மாறியது. சோவியத் நாட்டில் செய்து 1966 முதல் அங்கே வந்த எம்62 டீசல், அதுவரை வி 200. பிறகு வகுப்பு 120. ஆரம்பத்தில் சைலன்சர் இல்லாமல் வந்ததால் ‘டைகாட்ரொம்மெல்’, டைகா காட்டு முரசு, என்று பட்டப்பெயர். 120-ஆம் வகுப்பு எஞ்சினை 1:120-இல் வைத்திருப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

என் தேர்வு: 1970-களின் பிற்பகுதி, கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் ஒரு கிளைப்பாதை. பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பகுதி அது. நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு அந்த மண்ணின் நிறம் புதிதாக இருக்காது. இந்தத் தேர்வுக்கு உணர்ச்சி பாதி, கணக்கு பாதி. அந்தக் காலத்து வண்டிகள்தான் டிடியில் அதிகம் கிடைக்கின்றன. நிலக்கரி வண்டிகள் குட்டையானவை, அதனால் குறுகிய வளைவில் பார்க்க அசிங்கமாக இருக்காது.

முதல் பட்டியல் சின்னதாக இருக்கட்டும். கிளைப்பாதைக்கு ஏற்ற 110 வகுப்பு டீசல் ஒன்று (உண்மையில் சுமார் 14 மீட்டர், மாதிரியில் 116 மி.மீ.), மூன்று அச்சு கொண்ட ரெகோ (பழையதைப் புதுப்பித்துக் கட்டியது) பயணிகள் பெட்டி இரண்டு, திறந்த நிலக்கரி வண்டி நான்கு, மூடிய கூட்ஸ் வண்டி இரண்டு. 120 வகுப்பு எஞ்சினை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். பட்டியலில் இல்லாத எதையும், விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும், முதல் ஆண்டில் தொடாதீர்கள். 26.4 மீட்டர் நீள எக்ஸ்பிரஸ் பெட்டி மாதிரியில் 220 மி.மீ. அழகாகத்தான் இருக்கும். ஆனால் 310 மி.மீ. ஆரமுள்ள வளைவில் அதன் நடு வயிறு உள்ளே வந்து சிக்னல் கம்பத்தை இடிக்கும்.

படி 2: வாங்குவது

புதிதாக வாங்குவதில் சொல்ல அதிகம் இல்லை. ஜெர்மனியின் பெரிய கடைகள் வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. நம் சுங்கத்தில் ரயில் மாதிரிகள் விளையாட்டுப் பொருள் வகையிலேயே சேரும். வரி கனமானது, பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதும் உண்டு. ஆர்டர் போடும் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். எஞ்சின் விலை, தபால் செலவு இரண்டையும் கூட்டி அதன்மேல் வரி போட்ட தொகைதான் உண்மையான விலை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கொடுத்தனுப்பச் சொன்னால், எஞ்சினைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் அது நகராதபடி டிஷ்யூ தாள் அடைத்தால் போதும். பஞ்சு வேண்டாம், அதன் இழை சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும்.

பழைய சரக்கில்தான் சாமர்த்தியம் வேண்டும். ஜெர்மன் விளம்பரங்களில் சில சொற்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். ‘ஓ-ஃபௌ-பே’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் இருந்தால் மூலப் பெட்டியோடு வருகிறது. ‘உன்கெடெஸ்டெட்’ என்றால் ஓட்டிப் பார்க்கவில்லை. பெரும்பாலும் ஓட்டிப் பார்த்திருப்பார்கள், ஓடியிருக்காது. ‘பாஸ்ட்லர்’ என்ற சொல் இருந்தால் பழுதுபார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும். ‘கான்வொலுட்’ என்றால் மொத்தக் குவியல். அப்படி ஒரு குவியலை ஒருவரிடம் வாங்கினேன். படத்தில் பதினோரு வண்டி. பிரித்துப் பார்த்தால் ஐந்துக்குச் சக்கரமே இல்லை, படத்தில் அவை பக்கவாட்டில் நிற்பதால் தெரியவில்லை. அதிலிருந்து, வண்டியின் அடிப்புறப் படம் அனுப்பாதவரிடம் வாங்குவதில்லை.

பழைய எஞ்சினில் பார்க்க வேண்டியவை இவை. சக்கரத்தில் ரப்பர் வளையம் போட்டிருந்தால் அது காய்ந்து வெடித்திருக்கிறதா. கிரீஸ் தேன்மெழுகுபோல் இறுகியிருக்கிறதா. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா. இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது ஒன்றுண்டு: வார்ப்பு உலோக நோய். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் பல ஆண்டுகள் கழித்து அந்த வார்ப்பு உள்ளிருந்தே வீங்கி, முடி போன்ற விரிசல் விட்டு, பிஸ்கட் மாதிரி உதிரும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். சென்னைக்கு அப்படியொன்றைக் கொண்டுவருவது பனிக்கட்டியைப் பையில் போட்டு வருவது போலத்தான். எஞ்சினின் அடிச்சட்டம் வளைந்திருக்கிறதா, உடல் கூடு அதில் இறுகி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து கப்ளிங், வண்டிகளை ஒன்றோடொன்று மாட்டும் கொக்கி. டிடியில் புதிதாக வருபவர்கள் அதிகம் திண்டாடுவது இதில்தான். பிடிடிபி காலத்துக் கப்ளிங்கும் இன்றைய டில்லிக் கப்ளிங்கும் ஒன்றோடொன்று சரியாக மாட்டுவதில்லை. இன்றைய வண்டிகளில் என்ஈஎம் 358 என்ற ஐரோப்பியத் தரப்படி ஒரு சிறு பொந்து இருக்கும், கப்ளிங்கை அதில் சொருகலாம், உருவலாம். பழைய வண்டிகளில் அது இருக்காது. எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், பழைய வண்டியின் மதிப்பும் போகும், உங்கள் வார இறுதிகளும் போகும். ஒரே ஒரு கூட்ஸ் வண்டியை எடுத்து, ஒரு முனையில் பழைய கப்ளிங், மறுமுனையில் புதியது பொருத்துங்கள். அந்த வண்டியே இரண்டு காலத்துக்கும் நடுவில் துபாஷி. எனக்கு ஒரு பழுப்பு நிற மூடிய வண்டி பல வருடமாக அந்த வேலையைப் பார்க்கிறது.

வாங்கியதும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: வண்டி எண், எபோக், வாங்கிய தேதி, விலை, கப்ளிங் வகை, கடைசியாக எண்ணெய் விட்ட தேதி. இருபது வண்டிக்கு மேல் போனால் ஞாபகம் கைகொடுக்காது. ஒரே வண்டி எண்ணில் இரண்டு வாங்கிவிட்டுத் தலையில் கைவைத்த அனுபவம் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் உண்டு.

படி 3: பலகை

180 செ.மீ.-க்கு 80 செ.மீ. ஒரு கட்டிலைவிடச் சற்று ஒடுக்கம். ஏன் 80? டில்லிக்கின் வளைவுகளில் 310 மி.மீ., 353 மி.மீ. ஆரங்கள் பயன்பாட்டுக்கு ஏற்றவை. 267-உம் உண்டு, அதைத் தொழிற்சாலைக் கிளைத்தடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 353 ஆரத்தில் ஒரு வட்டம் வந்தால் தண்டவாள மையத்திலிருந்து மையத்துக்கு 706 மி.மீ. ஸ்லீப்பர் கட்டையோடு 73 செ.மீ.-க்குச் சற்றுக் குறைவு. இருபுறமும் மூன்றரை செ.மீ. பாக்கி. வண்டி கவிழ்ந்தாலும் தரையில் விழாமல் பலகையிலேயே நிற்க அந்த இடம் வேண்டும். விளிம்பில் ஒரு சின்னத் தடுப்பும் வையுங்கள்.

உண்மையில் ஜெர்மன் விதிப்படி கிளைப்பாதையில் வளைவின் ஆரம் 180 மீட்டருக்குக் குறையக்கூடாது. மாதிரியில் அது ஒன்றரை மீட்டர். நம் 353 மி.மீ. அதில் கால்வாசிகூட இல்லை. அதனால்தான் முனை வளைவுகளை மேட்டுக்குப் பின்னாலும் மரத்தோப்புக்குப் பின்னாலும் ஒளிக்கிறோம்.

பிளைவுட் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். என் முதல் பலகை சாதாரண கமர்ஷியல் பிளை. புரட்டாசியில் சமமாக இருந்தது. கார்த்திகை மழை முடிந்தபோது நடுவில் ஒரு குழி, ஓரத்தில் ஒரு மேடு. ஓட்டிய எஞ்சின் தானாகவே மலையேறியது. தண்டவாளம் வெயிலில் நீளும் என்று பயமுறுத்துவார்கள். கணக்குப் போடுங்கள்: நிக்கல் வெள்ளித் தண்டவாளம் மூன்று மீட்டருக்கு 15 டிகிரி வெப்பம் கூடினால் முக்கால் மி.மீ.தான் நீளும். நம் ஊரில் வில்லன் வெப்பமல்ல, ஈரத்தில் ஊதிப்போகும் மரம். 9 அல்லது 12 மி.மீ. மரைன் பிளை வாங்குங்கள். மேல், கீழ், குறிப்பாக நான்கு ஓரங்களிலும் வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். வெட்டிய ஓரத்தின் வழியாகத்தான் ஈரம் உள்ளே போகும். அடியில் 40 செ.மீ.-க்கு ஒரு குறுக்குச் சட்டம். பலகையை இரண்டு 90 செ.மீ. துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தால் வீடு மாறும்போது அழவேண்டாம். லிஃப்டிலும் நுழையும்.

படி 4: தண்டவாளம்

முதலில் வரைபடம். கணினி நிரல்கள் உண்டு, நல்லவையும் உண்டு. எனக்கு நம்பிக்கை காகிதத்தில்தான். தடம் பிரியும் பாயிண்டுகளை நிஜ அளவில் நகல் எடுத்து, வெட்டி, பலகையில் டேப்பால் ஒட்டி, வண்டிகளை அதன்மேல் கையால் தள்ளிப் பாருங்கள். திட்டம் எளிதாக இருக்கட்டும்: ஒரு நீள்வட்டம், முன்பக்கம் ஸ்டேஷனில் ஒரு லூப் (ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கத்தடம்), நிலக்கரி வியாபாரியின் கொட்டகைக்கு ஒரு முட்டுத்தடம், சரக்குக் கொட்டகைக்கு இன்னொன்று. பாயிண்ட் நான்கு. 120 வகுப்பு எஞ்சின் 146 மி.மீ., அதோடு சுமார் 83 மி.மீ. நீள நிலக்கரி வண்டி ஐந்து சேர்த்தால் 56 செ.மீ. லூப்பின் பயன்படும் நீளம் அதைவிடக் கைநீளம் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசி வண்டியின் பின்புறம் பாயிண்டில் நின்று மற்ற தடத்தை மறிக்கும்.

மேம்பாலம் போடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். மேல் தடம் கீழ்த் தடத்தைவிடக் குறைந்தது 60 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மூன்று சதவீதச் சரிவில் அந்த உயரம் ஏற இரண்டு மீட்டர் தேவை, இறங்க இன்னொரு இரண்டு மீட்டர். நம்முடைய பலகையே 180 செ.மீ. விடை கிடைத்துவிட்டது.

பதிக்கும் வேலையில் அவசரப்பட்டால் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதற்குத் தண்டம் கட்டுவீர்கள். கார்க் தாள் 3 மி.மீ. வாங்கி ஸ்லீப்பரைவிடச் சற்று அகலமாக வெட்டி ஒட்டுங்கள். அதன்மேல் தண்டவாளத்தை நீர் கலந்த ஃபெவிகாலால் ஒட்டுவது போதும். ஆணி அடித்தால் ஸ்லீப்பர் நடுவில் குழிந்து, இரு தண்டவாளங்களும் உள்நோக்கிச் சாய்ந்து, 12 மி.மீ. இடைவெளி 11.8 ஆகும். கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். பாயிண்டுகளின் அடியில் மட்டும் பசை வேண்டாம்; நகரும் பாகத்தில் ஒரு சொட்டு போனாலும் முடிந்தது.

ஒவ்வொரு இணைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். அங்கே நுண்ணிய அரத்தால் ஒரு தேய்ப்பு. பழைய பிடிடிபி வண்டிகளின் சக்கர விளிம்பு இன்றையதைவிடத் தடிமன். தாழ்ந்த தண்டவாளம் வாங்குவதற்கு முன் உங்களிடமுள்ள மிகப் பழைய வண்டியை ஒரு துண்டுத் தண்டவாளத்தில் உருட்டிப் பார்ப்பது நல்லது. தடதடவென்று சத்தம் வந்தால் விளிம்பு ஸ்லீப்பர் பிடிப்புகளில் இடிக்கிறது.

படி 5: மின்சாரம்

டிடி 12 வோல்ட் நேர்மின்சாரம். ஒரே ஒரு எஞ்சின் ஓட்டப் போகிறீர்கள் என்றால் சாதாரண வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியே போதும். இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டும் ஆசை வந்தால் டிசிசி, அதாவது தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை. அதற்கு எஞ்சினில், அந்தக் கட்டளையைப் படிக்கும் டீகோடர் சொருகும் இடம் வேண்டும்: ஆறு முள் உள்ள என்ஈஎம் 651, அல்லது புதிய வண்டிகளில் நெக்ஸ்ட்18. பெட்டியின் மேல் போட்டிருக்கும். குவியலோடு வரும் கிழக்கு ஜெர்மன் காலத்து மின்மாற்றியை அலமாரியில் அழகுக்கு வையுங்கள், ப்ளக்கில் சொருகாதீர்கள். ஐம்பது ஆண்டு பழைய வயர் உறையை நம்ப முடியாது.

தண்டவாள இணைப்புத் தகட்டை மின்சாரத்துக்கு நம்பக்கூடாது, கடற்காற்று அடிக்கும் ஊரில் அறவே கூடாது. ஒரு வருடத்தில் உள்ளே பாசி பிடித்ததுபோல் பச்சையாகும், எஞ்சின் மூச்சுத் திணறும். பலகையின் அடியில் 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், நீளவாக்கில் ஓடட்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய வயர் ஒன்றைக் கீழே இறக்கி அதில் சால்டர் செய்யுங்கள். சிவப்பு எப்போதும் பின்பக்கத் தண்டவாளம் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் ஷார்ட் ஆகாது. பாயிண்டின் நடுவில் இரு தண்டவாளங்கள் சேரும் வி-முனை பிளாஸ்டிக்காக இருந்தால், குட்டி எஞ்சின்கள் அதன்மேல் போய் நின்றுவிடும். உலோக முனை உள்ள பாயிண்ட் வாங்கி, பாயிண்ட் திரும்பும்போது அதன் மின் துருவமும் மாறும்படி ஒரு சுவிட்ச் போட வேண்டும். அரைநாள் வேலை. அதைச் செய்த பிறகுதான் என் எஞ்சின் நத்தை வேகத்தில் ஸ்டேஷனுக்குள் வரக் கற்றுக்கொண்டது.

மரம், செடி, மண் எதையும் போடுமுன் ஒரு மாதம் வெறும் தண்டவாளத்தில் ஓட்டுங்கள். தடம் புரளும் இடத்தில் சாக்பீஸால் குறி. ஒரே இடத்தில் எல்லா வண்டியும் புரண்டால் தவறு தண்டவாளத்தில். ஒரே வண்டி எல்லா இடத்திலும் புரண்டால் அதன் சக்கரத்தில்.

படி 6: கட்டடங்கள்

ஆவுஹாகன் கிட்டுகளில் பலவற்றின் மேல் எச்ஓ, டிடி என்று இரண்டும் போட்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே கட்டடம் எப்படிப் பொருந்தும்? கதவை அளந்தால் தெரிந்துவிடும். இரண்டு மீட்டர் உயரக் கதவு டிடியில் 16.7 மி.மீ., எச்ஓவில் 23. சுவர்த் தாளுக்கும் ஒரு சோதனை உண்டு. பழைய ஜெர்மன் செங்கல் சுவரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 13 வரிசை. டிடியில் ஒரு சென்டிமீட்டரில் 15 அல்லது 16 வரிசை வரவேண்டும். 11 வந்தால் அது எச்ஓ சுவர், ஆள் பக்கத்தில் நின்றால் செங்கல் ரொட்டிப் பாக்கெட் மாதிரி தெரியும். கார்களும் அப்படியே. 3.56 மீட்டர் நீள டிராபண்ட் கார் டிடியில் சரியாக 30 மி.மீ.-க்குள் அடங்க வேண்டும். அளவு தப்பிய ஒரு கார் முழுக் காட்சியையும் கெடுத்துவிடும்.

கிடைக்காததை நீங்களே கட்டுங்கள். எனக்கு வேண்டிய சின்ன ஸ்டேஷன் எந்தக் கிட்டிலும் இல்லை. ஒரு பழைய புகைப்படம் மட்டும் இருந்தது. கதவு இரண்டு மீட்டர் என்று கொண்டு மற்றவற்றை அதன் மடங்காக அளந்தேன்: முகப்பு 15 மீட்டர், பக்கம் 9 மீட்டர். மாதிரியில் 125-க்கு 75 மி.மீ. முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, பலகையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். பெரிதாகத் தெரிந்தது. ஒரு ஜன்னல் அகலம் குறைத்தேன். அப்புறம்தான் 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள். கத்தியால் ஒரே அழுத்தில் வெட்ட முயலாதீர்கள். இரும்பு ஸ்கேல் வைத்து மெல்ல மூன்று கோடு, பிறகு வளைத்தால் கோட்டிலேயே உடையும். ஜன்னல் ஓட்டைகளுக்கு நான்கு மூலையிலும் முதலில் ஊசித்துளை போட்டுக்கொண்டால் வெட்டு மூலையைத் தாண்டி ஓடாது. உள்பக்க மூலைகளில் சதுரக் குச்சி ஒட்டி முட்டுக்கொடுங்கள். கூரையை ஒட்டாமல் எடுத்து மாட்டும்படி விட்டால் பின்னாளில் உள்ளே விளக்குப் போடலாம்.

வர்ணம் அடிக்கும்போது புதுச் செங்கல் நிறம் வேண்டாம். நிலக்கரிப் பகுதியில் எல்லாச் சுவரும் ஒரு பழுப்புப் போர்வை போர்த்தியிருக்கும். நீர்த்த கறுப்பு-பழுப்புக் கலவையைப் பூசி, ஈரம் காயுமுன் துணியால் மேலிருந்து கீழே துடைத்துவிடுங்கள்.

நிலக்காட்சியைப் பற்றி வழிகாட்டிகள் ஏராளம், நான் இரண்டு சொல்கிறேன். ஜல்லி: சலித்த நுண்மணல் போதும், ஆனால் கடற்கரை மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு தண்டவாளத்தைத் தின்னும். எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்தால் சாம்பல் நிறத்தில் அருமையான ஜல்லி. மரம்: 15 மீட்டர் மரம் 125 மி.மீ. பெரும்பாலோர் வைப்பது அதில் பாதி. ரயிலைவிட உயரமான மரங்கள் நான்கு இருந்தால் ரயில் உண்மையாகிவிடும்.

படி 7: பராமரிப்பு

தண்டவாளத்தை மாதமொருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், அந்தக் கீறல்களில் அடுத்த வாரமே அழுக்கு அப்பும். எண்ணெய் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வகையாக, ஊசிமுனை அளவு. ஓடாத வண்டிகளைப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பாக்கெட்டை மாற்றுங்கள். ரசக்கற்பூர உருண்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கை மென்மையாக்கிவிடும். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்தால் ஒரே கோடையில் சிவப்பு ஆரஞ்சாகும்.

நம் ரயில் வேண்டும் என்பவருக்கு

இவ்வளவு சொல்லியும், ‘எல்லாம் சரி, நம் ஊர் ரயில்?’ என்று கேட்பீர்கள். 1:120-இல் நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ. பாதை 14 மி.மீ. ஆகும், டிடி தண்டவாளம் அதற்குக் குறுகல். ஆனால் இரண்டு சுவாரசியமான பொருத்தங்கள் உண்டு. 1,676-ஐ 101.6-ஆல் வகுத்தால் 16.5. அதாவது பிரிட்டனின் பழைய 3 மி.மீ. விகிதத்தில் நம் பிராட்கேஜ் வண்டியைக் கட்டினால், உலகெங்கும் மலிவாகக் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தில் அது கச்சிதமாக உட்காரும்.

இன்னொன்று மீட்டர்கேஜ். 12 மி.மீ. தண்டவாளம் 1:87-இல் 1,044 மி.மீ., மீட்டர்கேஜுக்கு மிக அருகில். ஸ்லீப்பரும் ஒத்துவருகிறது: டிடி ஸ்லீப்பர் சுமார் 21 மி.மீ. நீளம், 87-ஆல் பெருக்கினால் 1,830 மி.மீ. சுற்றி வரும். நம் மீட்டர்கேஜ் மரக்கட்டையின் நீளம் ஆறடி, 1,830 மி.மீ. ஆக டிடி தண்டவாளத்தின் மேல் 1:87-இல் ஒரு ஒய்பி நீராவி எஞ்சினையோ, 1931 முதல் 2004 வரை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடிய மீட்டர்கேஜ் மின்ரயிலையோ கட்டலாம். கிட் கிடையாது. ஸ்டைரீனில் கூடு, எச்ஓஎம் வண்டியின் மோட்டார் அடிச்சட்டம், மீதி உங்கள் கை. என் மேசையில் அந்த மின்ரயிலின் ஒரு பக்கச் சுவர் மட்டும் வெட்டி முடிந்திருக்கிறது. கதவு எத்தனை என்பதில் வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.